மரப்பு ஊசி வலியைத்தான் நிறுத்தும், விஷத்தை அல்ல

பங்குனி, சித்திரை மாதங்களில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் வேலை மும்முரமாக இருக்கும். மரத்தடிச் சருகைக் கூட்டி ஒதுக்க வேண்டும். விழுந்த பழத்தைப் பொறுக்கிக் கொட்டையைத் திருகி எடுக்க வேண்டும். எல்லாமே குனிந்து, கையைத் தரையில் வைத்துச் செய்கிற வேலை. செம்மண் பூமியில் சருகுக்கும் கல்லுக்கும் அடியில் தேள் பதுங்கிக் கிடப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. வெயில் நாளிலும், முதல் மழை விழுந்து பொந்துகளில் தண்ணீர் புகும் நாளிலும் கொட்டு வாங்குகிறவர்கள் அதிகம்.

கொட்டு வாங்கியவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறார்கள். டாக்டர் கொட்டுப்பட்ட விரலின் அடியில் ஒரு ஊசி போடுகிறார். ஐந்து, பத்து நிமிடத்தில் அலறிக்கொண்டிருந்த ஆள் அடங்கிவிடுகிறார். "வலி விட்டுவிட்டது, புறப்படலாம்" என்கிறார் கூட வந்தவர். "இருங்கள், இன்னும் பார்க்க வேண்டும்" என்கிறார் டாக்டர். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆள் இல்லை, மறுநாள் கொட்டை எடைபோட வேண்டும் என்று பேச்சு வளர்கிறது. கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு.

டாக்டர் இருக்கச் சொல்வது வீண் பயமுறுத்தல் அல்ல. அந்த ஊசி எதை நிறுத்துகிறது, எதை நிறுத்தவில்லை என்பதை ஒரு முறை விளங்கிக்கொண்டால் இந்த வாக்குவாதத்துக்கே இடமிராது. கொட்டுப்பட்டது குழந்தையாக இருந்தால் இந்த விஷயம் உயிரோடு சம்பந்தப்பட்டது.

பார்லிப் பயிரில் தொடங்கிய மருந்து

இந்த மருந்தின் பெயர் லிக்னோகெயின். அமெரிக்காவில் லிடோகெயின் என்பார்கள். நம் பக்கத்துக் கம்பவுண்டர்கள் பழைய கம்பெனிப் பெயரைப் பிடித்துக்கொண்டு ஜைலோகெயின் என்றே சொல்வது வழக்கம். பொதுமக்களுக்கு இது மரப்பு ஊசி. அண்ணாமலைநகரில் 1980ல் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்கள் ஈறு தடித்தாற்போல் மரத்துப்போனதை மறந்திருக்கமாட்டார்கள். அரிவாள் வெட்டுக்குத் தையல் போடவும், கட்டியைக் கீறவும், கண்புரை எடுக்கவும், ஆண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் இந்த மருந்தே பயன்பட்டு வருகிறது. உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இது உண்டு.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் விவசாயிகள் கேட்டு மகிழ வேண்டிய கதை. அதற்கு முன் டாக்டர்கள் கையில் இருந்தது தென் அமெரிக்க மலைகளில் விளையும் கோக்கா இலையிலிருந்து எடுத்த கொகெயின். 1884ல் வியன்னா நகரத்தில் கார்ல் கோலர் என்ற டாக்டர் அதைக் கண்ணில் சொட்டாக விட்டு, மயக்கம் கொடுக்காமலே கண் அறுவை செய்யலாம் என்று காட்டினார். ஆனால் அது போதை தரும் சரக்கு, நெஞ்சுக்கும் ஆகாது. 1905 வாக்கில் புரோகெயின் வந்தது. அதில் போதை இல்லை. என்றாலும் மரப்பு நெடுநேரம் நிற்காது, சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

1930களில் ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோமில், நோபல் பரிசு பெற்ற வான் ஆய்லர் என்ற விஞ்ஞானி பார்லிப் பயிர் வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். சில வகைகளின் இலையில் கிராமைன் என்ற பொருள் இருப்பது தெரிந்தது. அசுவினி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது பிடிக்காது என்பது பின்னாளில் தெரிந்த சேதி. அந்தப் பொருளின் அமைப்பைக் கண்டறியும் வேலை எர்ட்மன் என்ற இளைஞரிடம் வந்தது. அவர் அதைப் போலவே வேறொன்றைச் செய்து பார்த்தார். அந்தக் காலத்து வேதியியல்காரர்கள் வழக்கப்படி நாக்கில் தொட்டும் பார்த்தார். நாக்கு மரத்துப்போயிற்று.

அந்த மரத்த நாக்கைப் பிடித்துக்கொண்டு எர்ட்மனும் அவருடைய மாணவர் நில்ஸ் லோஃப்கிரனும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பொருள்களைச் செய்து பார்த்தார்கள். பலன் கிடைத்தது 1943ல்தான். லோஃப்கிரன் செய்த அந்த மருந்தைப் பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இளைஞர் தம் உடம்பிலேயே போட்டுக்கொண்டு சோதித்தார். 1948ல் அது கடைக்கு வந்தது. பார்லி இலையில் தொடங்கிய ஆராய்ச்சி நம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் 30 மில்லி சீசாவில் வந்து நிற்கிறது.

நரம்பும் மதகும்

இது வேலை செய்யும் விதத்தைக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்து விவசாயிக்குச் சொல்வது சுலபம். கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் தண்ணீர் வீராணம் ஏரியில் தேங்குகிறது. மதகைத் திறந்தால் வாய்க்காலில் பாய்கிறது, மூடினால் நின்றுவிடுகிறது. நரம்பு இழையின் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு மதகுகள் எண்ணற்றவை உண்டு. இழைக்கு வெளியே உள்ள நீரில் சோடியம் மிகுதி, உள்ளே குறைவு. சோடியம் என்பது நாம் சோற்றில் போடும் உப்பில் உள்ளதுதான்.

விரலில் ஒரு முள் தைக்கிறது. அந்த இடத்து நரம்பின் மதகுகள் திறக்கின்றன. வெளியே காத்திருந்த சோடியம் உள்ளே பாய்கிறது. அப்படிப் பாய்வதால் அங்கே ஒரு மின்சார மாறுதல் ஏற்படுகிறது. அந்த மாறுதல் பக்கத்து மதகைத் திறக்கிறது, அது அதற்கடுத்ததைத் திறக்கிறது. இப்படியே கை, தோள், தண்டுவடம் என்று ஏறி மூளைக்குச் சேதி போகிறது. ஒரு மதகு திறந்திருப்பது வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. பிறகு தானாக மூடிக்கொள்ளும். மூளைக்குச் சேதி போய்ச் சேர்ந்தால்தான் வலி என்பது உண்டு.

ஏரி மதகு உவமை முழுக்கப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் நெடுக ஓடுகிறது. நரம்பில் சோடியம் நெடுக ஓடுவதில்லை, அந்தந்த இடத்தில் உள்ளே வருகிறது. நெடுக ஓடுவது சேதி மட்டுமே.

ஊசியில் போட்ட லிக்னோகெயின் நரம்பு இழையின் சுவரை ஊடுருவி உள்ளே போகிறது. போய், உள்பக்கமாக மதகில் அடைத்துக்கொள்கிறது. மதகு திறப்பதில்லை, சோடியம் பாய்வதில்லை, சேதி அந்த இடத்தோடு நின்றுபோகிறது. முள் குத்திய இடத்தில் காயம் அப்படியேதான் இருக்கிறது. மூளைக்கு மட்டும் தகவல் இல்லை.

கொட்டுப்பட்டது விரல் நுனியாக இருக்க, ஊசியை விரலின் அடியில் இரு பக்கமும் ஏன் போடுகிறார் என்று சிலர் கேட்பதுண்டு. வயலில் ஒவ்வொரு பாத்திக்கும் போய் வாய்மடையை அடைப்பதைவிட, தலைமடையில் அடைத்துவிட்டால் எல்லாப் பாத்திக்கும் நீர் நின்றுவிடும் அல்லவா? விரலுக்குப் போகும் நரம்புகள் அடியில் இரு பக்கமாகத்தான் போகின்றன. அங்கே அடைத்தால் விரல் முழுவதும் மரத்துப்போகும்.

வலியையும் சூட்டையும் சுமக்கும் இழைகள் மெல்லியவை. அவை முதலில் அடங்கும். தொடுகையையும் அழுத்தத்தையும் சுமக்கும் பருத்த இழைகள் பின்னரே அடங்கும், சில வேளை முழுதும் அடங்குவதே இல்லை. தையல் போடும்போது "இழுப்பது தெரிகிறது, ஆனால் வலிக்கவில்லை" என்று சிலர் சொல்வது இதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று பயந்து கையை உதற வேண்டாம்.

மருந்து அங்கேயே தங்கிவிடுவதும் இல்லை. இரத்தம் அதைச் சிறுகச் சிறுக அள்ளிக்கொண்டு போகிறது. ஈரல் அதைச் சிதைத்துவிடுகிறது. சாதாரணமாக ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் மரப்பு தெளியும். அட்ரினலின் என்ற மருந்தைத் துளி கலந்தால் இரத்தக் குழாய்கள் சுருங்கி மருந்தை மெதுவாக அள்ளும். மரப்பு அதிக நேரம் நிற்கும், இரத்தப் போக்கும் குறையும். பல் டாக்டர்கள் போடுவது பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

தேள் விஷம் அதே மதகைத் திறந்து வைக்கிறது

நம் பக்கத்தில் இருவகைத் தேள்களைக் கவனித்துச் சொல்ல வேண்டும். நட்டுவாக்காலி என்று சொல்லும் பெரிய கறுப்புத் தேள் பார்க்கப் பயங்கரம். கொட்டினால் வலியும் வீக்கமும் உண்டு, ஆனால் பெரும்பாலும் அதோடு போய்விடும். செங்கல் நிறத்தில், மெலிந்த கொடுக்கோடு இருக்கும் சிறிய செந்தேள்தான் ஆபத்தானது. ஆளின் அளவைப் பார்த்துப் பயப்படும் பழக்கம் இங்கே உதவாது.

செந்தேளின் விஷம் வேலை செய்வதும் நரம்பின் சோடியம் மதகில்தான். லிக்னோகெயின் மதகை அடைக்கிறது. விஷமோ திறந்த மதகை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. கணத்தில் மூட வேண்டிய மதகு மூடாமல் நிற்க, சேதி ஓயாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கொட்டிய இடத்தில் தாங்க முடியாத வலி வருவது இதனால்தான். மரப்பு ஊசி அந்த இடத்து நரம்பில் சேதியை அடைத்துவிடுவதால் வலி சட்டென்று நிற்கிறது.

விஷம் அந்த இடத்தில் மட்டும் இருக்கிறதா என்றால் இல்லை. கொட்டிய சற்று நேரத்திலேயே ஒரு பகுதி இரத்தத்தில் கலந்துவிடுகிறது. உடம்பு முழுவதும் உள்ள நரம்பு மதகுகளை அது தொல்லை செய்கிறது. இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் நடத்தும் நரம்புகள் கட்டுக்கடங்காமல் தூண்டப்படுகின்றன. விரலில் போட்ட ஒன்றிரண்டு மில்லி மருந்து இதை எப்படித் தடுக்கும்? ஒரு வாய்க்காலின் தலைமடையை அடைத்தாயிற்று, ஏரிக்கரை வேறு பக்கம் உடைப்பெடுத்திருக்கிறது. நிலைமை இதுதான்.

முதலில் உடம்பெல்லாம் வேர்வை கொட்டும். வாந்தி வரும். எச்சில் ஊறி வடியும். கையும் காலும் சில்லிட்டுப் போகும். ஆண் குழந்தைகளுக்குக் குறி விறைத்து நிற்பது முக்கியமான அடையாளம். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. இரத்த அழுத்தம் ஏறும். பிறகு இருதயம் களைத்துப்போய் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சு வாங்கும், இருமினால் நுரையாக வரும். இவை எல்லாம் கொட்டிய உடனே வர வேண்டும் என்பதில்லை. சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆகவேதான் டாக்டர் உட்கார வைக்கிறார். பெரியவர்களைச் சில மணி நேரமும், குழந்தைகளைப் பெரும்பாலும் ஒரு நாளும் வைத்துப் பார்ப்பார்கள்.

வலியைக் கொண்டு விஷத்தை அளக்க முடியாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கொட்டிய இடத்தில் உயிர் போகிறது என்று கத்துகிறவர்களில் பலருக்கு உடம்பில் வேறு கோளாறு வருவதே இல்லை. கோளாறு வருகிறவர்களில் சிலருக்குக் கொட்டிய இடத்து வலி பெரிதாக இருப்பதும் இல்லை. மரப்பு ஊசி போட்டு வலி நின்றவரையும், வலியே அதிகம் இல்லாதவரையும் ஒரே கண்ணால்தான் கவனிக்க வேண்டும்.

உடம்பில் விஷம் ஏறியதற்கு வேறு மருந்து உண்டு. மகாராஷ்டிரத்தில் கொங்கணக் கரையில் மகாட் என்ற ஊரின் சுற்றுவட்டாரத்தில் செந்தேள் கொட்டி இறந்த விவசாயக் குடும்பங்கள் ஏராளம். அங்கே கிராமத்து டாக்டராக வேலை பார்த்த ஹிம்மத்ராவ் பவாஸ்கர், இரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற மாத்திரை இந்த விஷத்தின் வேகத்தை முறிக்கிறது என்று 1980களில் கண்டு எழுதினார். அதன் பிறகு சாவு பெரிதும் குறைந்தது. இந்தியா முழுவதும் இப்போது இந்த வைத்தியம்தான். 2022ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். தேள் விஷத்துக்கு முறிமருந்து ஊசியும் உண்டு. பிரசோசின் மாத்திரையைக் கடையில் வாங்கி நாமே கொடுக்கக் கூடாது. முதல் மாத்திரையிலேயே இரத்த அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடக்கூடும். படுக்க வைத்து அழுத்தம் பார்த்துக்கொண்டே கொடுக்க வேண்டிய மருந்து அது.

அட்ரினலின் கலந்த மரப்பு ஊசியைத் தேள் கொட்டுக்கு டாக்டர்கள் போடமாட்டார்கள். விஷத்தால் உடம்பே அட்ரினலினை வாரி இறைத்துக்கொண்டிருக்கும் நேரம் அது. ஊருக்குள் ஊசி போடும் ஆளிடம் போய் "வலிக்கு ஏதாவது போடு" என்று கேட்பதில் உள்ள அபாயம் இதுவும்தான். சீசாவில் எது இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

புளியங்கொட்டையைக் கல்லில் சூடு பறக்கத் தேய்த்து ஒட்ட வைப்பதும், மந்திரிப்பதும் நம் பக்கத்து வழக்கம். மந்திரித்தவுடன் வலி குறைந்தது என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. பெரும்பாலான கொட்டுகளில் வலி தானாகவும் குறையும். ஆனால் வலி குறைந்ததா என்பது இங்கே கேள்வியே அல்ல. பிளேடால் கீறுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கெடுதல் செய்பவை. கைகாலை அசைக்காமல் வைத்து, 108க்குச் சொல்லி, அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடலூரில் அரசு தலைமை மருத்துவமனையும், அண்ணாமலைநகரில் 1985ல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி 2021ல் அரசு சுகாதாரத் துறை ஏற்றுக்கொண்ட பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. கடலூர் எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர்.

தேளி மீன் குத்தினால்

கீழே சிதம்பரம், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வண்டல் நிலங்களில் தேளைவிடத் தொல்லை கொடுப்பது தேளி மீன். பெயரே அதன் குணத்தைச் சொல்கிறது. நடவு வயலிலும் வாய்க்காலிலும் தண்ணீர் வற்றும்போது சேற்றில் கைவிட்டுப் பிடிக்கிறவர்களின் விரலில் பக்கத்து முள்ளைப் பாய்ச்சிவிடும். கிள்ளை, பரங்கிப்பேட்டைக் கடலோரத்தில் கடல் கெளுத்தியும் திருக்கை மீனும் இதே வேலையைச் செய்யும்.

இந்த மீன்களின் விஷம் சூட்டில் கெடும் தன்மையுடையது. பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் கையை அரை மணி முதல் ஒன்றரை மணி வரை வைத்திருந்தால் பெரும்பாலும் வலி இறங்கிவிடும். கொதிக்கிற தண்ணீர் அல்ல. குத்துப்படாத கையை முதலில் விட்டுப் பார்த்து, அது பொறுக்குமானால் குத்துப்பட்ட கையை விட வேண்டும். வலி இறங்காவிட்டால் டாக்டர் மரப்பு ஊசி போட்டு, உள்ளே ஒடிந்து நிற்கும் முள் துண்டையும் எடுப்பார்.

இந்த வரிசை மாறக் கூடாது. மரப்பு ஊசி போட்ட பிறகு வீட்டுக்கு வந்து வெந்நீரில் கையை வைத்தால், சூடு தெரியாமல் தோல் வெந்து போகும். சூட்டைச் சொல்லும் இழைகளும் அடைபட்டிருக்கின்றன அல்லவா? இதே காரணத்தால்தான் பல் பிடுங்கியவரைச் சூடான காபி குடிக்க வேண்டாம் என்கிறார்கள். குழந்தையானால் மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். தெளியும்வரை கவனித்துக்கொள்ள வேண்டும்.

கட்டியில் ஊசி கேட்பதில்லை, ஏன்?

நகச்சுற்றும் சீழ்க்கட்டியும் வந்தவர்கள் "ஊசி போட்டும் உயிர் போய்விட்டது" என்று குறை சொல்வது அடிக்கடி கேட்கும் சேதி. டாக்டர் மருந்தை மிச்சப்படுத்திவிட்டார் என்று எண்ணுவது சரியல்ல. மண் பரிசோதனை அட்டையில் பி.எச். என்று ஒரு எண் போட்டிருப்பார்களே, விடை அதில் இருக்கிறது.

லிக்னோகெயின் சீசாவில் உப்பு வடிவில் கரைந்திருக்கிறது. உடம்புக்குள் போனதும் அதில் ஒரு பங்கு உப்புத்தன்மை நீங்கிய வடிவத்துக்கு மாறுகிறது. நரம்புச் சுவரை ஊடுருவ அந்த வடிவத்தால்தான் முடியும். நல்ல தசையின் பி.எச். 7.4. அங்கே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மருந்து அந்த வடிவத்தில் இருக்கும். சீழ் வைத்த இடத்தில் அமிலம் மிகுந்திருக்கும், அங்கே அந்தப் பங்கு மிகவும் சுருங்கிவிடும். மருந்து நரம்புக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அமில மண்ணில் போட்ட மணிச்சத்து பயிருக்குக் கிட்டாமல் போவதை ஒரு மாதிரி இதற்கு ஒப்பிடலாம். அதனால்தான் அனுபவமுள்ள டாக்டர் கட்டியைத் தொடாமல், அதற்கு மேற்புறம் நல்ல சதையில், நரம்பு வரும் வழியில் ஊசி போடுகிறார். கட்டியைப் பழுக்கவிட்டு வராமல் முன்னதாகவே வருவது இன்னும் நல்லது.

அரிவாள், மண்வெட்டிக் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டவர்கள் "ஒரு ஊசி போட்டாயிற்றே" என்று தனுர்வாத ஊசியைத் தட்டிக் கழிப்பதும் உண்டு. இரண்டும் வேறு. மரப்பு ஊசி கிருமியை ஒன்றும் செய்யாது. சாணமும் மண்ணும் பட்ட காயத்துக்குத் தனுர்வாத ஊசி தேவையா என்று கேட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அளவு மீறினால்

பொதுவாகக் கிடைப்பது 2 சதவீத மருந்து. ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும். அட்ரினலின் கலக்காத மருந்தில், உடம்பின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் சுமார் 4.5 மில்லிகிராமுக்கு மேல் போடக் கூடாது என்பது டாக்டர்கள் கடைப்பிடிக்கும் எல்லை. 60 கிலோ ஆளுக்கு இது 13 மில்லி சொச்சம். 12 கிலோக் குழந்தைக்கு 3 மில்லிகூட இல்லை. பெரியவருக்குச் சாதாரணமான அளவு குழந்தைக்கு விஷமாகும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

அளவு மீறினாலோ, தவறி நேராக இரத்தக் குழாயில் ஏறினாலோ உதடும் நாக்கும் சுணைக்கும், வாயில் இரும்புச் சுவை தட்டும், காதில் இரைச்சல் கேட்கும், தலை சுற்றும். அதற்கு மேல் போனால் வலிப்பு வரும், இருதயமும் தடுமாறும். மதகு அடைக்கும் வேலையை அது மூளையிலும் இருதயத்திலும் செய்யத் தொடங்குவதால் வருவது இது. இருதயம் தாறுமாறாகத் துடிக்கும் சிலருக்கு, அதே காரணத்தாலேயே, இதை அளந்து நரம்பில் ஏற்றி வைத்தியம் செய்கிற முறையும் உண்டு. ஊசி போட்ட பிறகு மேலே சொன்ன அறிகுறி ஏதாவது தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு இராமல் உடனே சொல்ல வேண்டும். ஈரல் நோயோ, இருதய நோயோ இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்ல வேண்டும்.

"எனக்கு மரப்பு ஊசி ஒத்துக்கொள்ளாது, ஒரு முறை மயங்கிவிட்டேன்" என்கிறவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோர் ஊசியைப் பார்த்த பயத்தில் மயங்கியவர்கள். இந்த மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை அரிது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது நலம். எதுவென்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை. பயம் உள்ளவர்கள் படுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டால் மயக்கம் வராது, வந்தாலும் விழுந்து அடிபட நேராது.

மாட்டுக்கும் இதே மருந்து

கால்நடை மருந்தகத்திலும் இருப்பது இதே லிக்னோகெயின்தான். வெள்ளை நிற எருதுகளுக்கு வரும் கொம்புப் புற்றை அறுத்தெடுக்கும்போதும், கன்றுக்குக் கொம்புக் குருத்தைச் சுடும்போதும், கண்ணுக்கும் கொம்புக்கும் இடையே ஓடும் நரம்பின் மேல் இதைப் போடுகிறார்கள். கன்று குறுக்கே கிடந்து வயிற்றைக் கீறி எடுக்க வேண்டி வந்தால், விலாவை மரக்கச் செய்து பசுவை நிற்க வைத்தே செய்துவிட முடிகிறது. மாட்டுக்கு முழு மயக்கம் கொடுத்துக் கிடத்தினால் வயிறு உப்பும், அசைபோட்டது மூச்சுக்குழலில் இறங்கும். ஆகவே நிற்க வைத்துச் செய்வதே அதற்கு நல்லது.

கன்று ஈன முடியாமல் பசு திணறும்போதும், கருப்பை வெளித்தள்ளிவிட்டபோதும், டாக்டர் வாலைத் தூக்கி அசைத்துப் பார்த்து, வாலின் அடியில் எலும்புகள் அசையும் இடைவெளியில் சுமார் 5 மில்லி போடுவார். சில நிமிடத்தில் வால் துவண்டு தொங்கும். பிறப்புறுப்புப் பக்கம் மரத்துப்போகும், பசு முக்குவது நின்றுவிடும். அளவு கூடினால் பின்னங்கால்களும் தளர்ந்து பசு படுத்துவிடும். வழுக்கும் தரையில் படுத்த கறவையை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முக்கல் நின்றவுடன் "பசு நிம்மதியாகிவிட்டது, இனித் தானாக ஈன்றுவிடும்" என்று நினைப்பது தேள் கொட்டில் செய்யும் அதே பிழை. கன்று மாறிக் கிடப்பது மாறவில்லை. பசு முக்காமல் இருந்தால்தான் டாக்டர் கையை உள்ளே விட்டுக் கன்றைத் திருப்ப முடியும் என்பதற்காகப் போட்ட ஊசி அது. மரப்பு தெளிவதற்குள் கன்றைத் திருப்பி இழுத்தாக வேண்டும், அல்லது வெளியே வந்த கருப்பையைக் கழுவி உள்ளே வைத்தாக வேண்டும். அந்த நேரத்தில் வெந்நீர், சுத்தமான கயிறு, இழுக்க இரண்டு ஆள், நல்ல வெளிச்சம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். டாக்டர் வந்த பிறகு கயிறு தேடுவது கூடாது.

ஆடு வளர்ப்போர் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 5 கிலோ எடையுள்ள குட்டிக்கு 2 சதவீத மருந்தில் ஒரு மில்லி போட்டாலே எல்லை நெருங்கிவிடும். மாட்டுக்கு வாங்கிய சீசாவில் மிச்சம் இருக்கிறது என்று குட்டிக்குக் கொம்பு சுடவோ விதை அடிக்கவோ நாமே அதைப் போடக் கூடாது. கால்நடை மருத்துவர் மருந்தை நீர்த்து, எடை பார்த்துப் போடுவார். வீட்டுக்கே வந்து பார்க்கும் கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962 என்ற எண்ணில் சொல்லலாம். சொல்லும்போது பசு எத்தனை மணியிலிருந்து முக்குகிறது, பனிக்குடம் எப்போது உடைந்தது, கால் தெரிகிறதா தலை தெரிகிறதா, முன்பு யாராவது ஊசி போட்டார்களா என்ற விவரங்களையும் சேர்த்துச் சொன்னால், அவர் என்ன எடுத்து வர வேண்டும் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வார்.